ஒரே வீட்டுப்பேரில் இரண்டு கம்ப்யூட்டர்

அந்த இரண்டு கம்ப்யூட்டர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டர் பாவம், அது என்ன செய்யும்! என் கோபமெல்லாம் அண்ணன் மேல்தான்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். கேரள எல்லையோரத்துக் கொல்லயில் ஊரில் எங்கள் பழைய வீட்டில் நான் தனியாக இருந்தேன். என்னைத் திருப்புறம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டினவர் கைநீட்டுகிற மனிதர். அந்த ஆளுக்கு மரியாதை வேறு கொடுத்து எழுதுகிறேன் பாருங்கள். ஒருநாள் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அப்பா அப்போது இருந்தார். "இது உனக்க வீடாக்கும், நீ இங்கயே இரு மக்கா" என்றார். சொன்னதோடு நிற்காமல் பழைய வீட்டை என் பேருக்கு எழுதியும் வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட வாத்தியாரான அண்ணன் ஏற்கெனவே அடுத்த விளையில், பக்கத்துத் தோப்பில், புதுவீடு கட்டிக் குடிபோயிருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு அடையாளமே அதன் வீட்டுப்பேர்தான். வாசல் தூணில் எங்கள் வீட்டுப்பேரைப் பெரிதாகப் பதித்திருந்தான். பழைய வீட்டுக்கும் அதே பேர்தான். தபால்காரர் மட்டும் அவ்வப்போது தலையைச் சொறிவார்.

நான் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்தேன். கல்யாண அழைப்புக் குறி, ஞானஸ்நானப் பத்திரிகை, சங்கத்து நோட்டீஸ் என்று தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பேன். அந்த வருஷம் எங்கள் சபையின் ஆண்டுவிழா மலர் என் கைக்கு வந்தது. பாதி தமிழ், பாதி மலையாளம், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. அப்படி ஒரு வேலை எனக்கு அதுவரை வந்ததே இல்லை. திங்கட்கிழமை காலையில் அச்சகத்துக்குப் பக்கங்கள் போய்ச்சேர வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தார்.

லேசர் பிரிண்டர் அண்ணன் வீட்டில் இருந்தது. இங்கே தூக்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கேள்வித்தாள் அடிக்க வேண்டும், தரமாட்டேன் என்றான். போட்டோ வைத்த பக்கம் பிளாப்பியில் அடங்காது. சரி, இரண்டு வீட்டுக்கும் நடுவே கேபிள் போட்டுவிடலாம், நான் கோப்பை அனுப்பினால் அவன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போய் விழும், அங்கிருந்து அச்செடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. என் ஜன்னலில் தொடங்கி ஆஞ்சிலி மரத்தின் கிளை வழியாக அவன் மாடிக்குக் கறுப்புக் கேபிள் போயிற்று. வயர் இல்லாமல் வீட்டுக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

நான் கோப்பை அனுப்பினேன். அண்ணன் ஜன்னலில் நின்று கத்தினான்.

"ஒண்ணும் வரல்ல!"

"அனுப்பியாச்சு அண்ணா! எனக்க கண்ணு முன்னால போச்சு!"

"போச்சுண்ணா எங்க போச்சு? ஆஞ்சிலி மரத்திலயா தொங்குது?"

என் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் ஜன்னலைத் திறந்தால் எங்கள் வீட்டுப்பேரோடு ஒரு கம்ப்யூட்டர் படம் நிற்கும். அதைத் தட்டினால் திறக்கும். உள்ளே என் பக்கங்களைப் போட்டால் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இதென்ன கண்கட்டு வித்தை! அணில் கேபிளைக் கடித்திருக்கும் என்று முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்தேன். முனையில் மாட்டுகிற மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஃபோல்டரைப் பகிர்வதற்கான குறி போட்டிருக்கிறதா என்று இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி ஓடினேன். கம்ப்யூட்டர் விற்ற நெய்யாற்றின்கரை கடைக்காரர் வந்து, "சேச்சி, இது இடிமின்னல் பணி பற்றிச்சதாணு" என்று நெட்வொர்க் கார்டை மாற்றிவிட்டுப் போனார். மின்னலாம், மண்ணாங்கட்டியாம்! மாற்றின பிறகும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"எட்டி, இதெல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது. பேசாம திருப்புறத்துக்குப் போ. நானே கொண்டு விடுதேன். அவன் வந்து கேட்டுட்டுத்தான் இருக்கான்."

"திங்கக்கிழமை பக்கம் போகல்லேண்ணா நானே போறேன். நீ கொண்டு விடாண்டாம்!"

வாய் இருக்கிறதே, கோபம் வந்துவிட்டால் அது என் பேச்சைக் கேட்காது. அவன் முகம் தெளிந்துவிட்டது. "மைனி கேட்டுட்டு நிக்கா. சொன்ன சொல்லு சொல்லாக்கும்" என்றான். அண்ணன் பெண்டாட்டியைத்தான் நாங்கள் மைனி என்போம். மைனி கையில் சுளகோடு அவன் பின்னால் நின்றாள்.

அன்று பவர்கட் முடிந்து கரண்ட் வந்ததும் அவன் தன் கம்ப்யூட்டரை எனக்கு முந்தியே ஆன் பண்ணிவிட்டான். எப்போதும் நான்தான் காலையிலேயே போட்டுவிடுவேன், அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் போடுவான். அன்று பின்னால் போட்ட என் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது. நீங்கள் கொடுத்த பேர் இந்த நெட்வொர்க்கில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, வேறு பேர் கொடுங்கள் என்று.

கடைக்காரர் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த அன்று, "வீட்டுப்பேரு எந்தா?" என்று கேட்டுவிட்டு ஏதோ தட்டினாரே! இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் முதலில் அதைத்தானே கேட்பார்கள்! அண்ணனுக்கு மாட்டிக் கொடுத்தபோதும் அதையே கேட்டு அதையே தட்டியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பேர். பின்னால் வருகிறதை நெட்வொர்க் வெளியே தள்ளிவிடுகிறது. நான் இத்தனை நாளும் அண்ணன் கம்ப்யூட்டர் என்று நினைத்து என் கம்ப்யூட்டருக்குள்ளேயே பக்கங்களைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓடிப்போய் அண்ணனிடம் கேட்டேன்.

"உனக்க ஸ்கிரீன்ல இப்பிடி ஒரு வரி வந்ததே இல்லியா?"

"டெய்லி வரும். நான் என்டர் அமுக்கி விட்டுருவேன்."

டெய்லி வருமாம்! வாத்தியாராம்! ஊர்ப் பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு தரம் வாசி என்று பிரம்பை ஓங்குகிற ஆள்!

"சரி, உனக்கதில பேரை மாத்து" என்றேன்.

"நான் என்னத்துக்கு மாத்தணும்? வீட்டுப்பேரு ஆம்பிளைக்காக்கும். உனக்குத் திருப்புறத்தில ஒரு வீட்டுப்பேரு உண்டு இல்லியா? அதைப் போடு."

வேறு ஏதாவது இரண்டு எழுத்தைப் போட்டால் வேலை தீர்ந்தது, அது எனக்குத் தெரியாதா? அவன் இப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன். சொன்ன பிறகு ஒரு எழுத்தை மாற்றமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். என்னை அடித்தவன் வீட்டுப்பேரை அப்பா எனக்குத் தந்த வீட்டுக்குள் நான் என் விரலாலேயே எழுத வேண்டுமாம்! போதகரிடம் முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சொன்னால் திருப்புறம்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் பாறசாலைக்குப் போனதும் மைனி வந்து ஜன்னலில் தட்டினாள்.

"மக்கா, அந்தப் பேரை எங்க மாத்தணும்? வந்து காட்டு."

"அண்ணன் கொன்னுபோடுவான் மைனி."

"நான் இருக்கேன். நீ காட்டு."

காட்டினேன். மைனி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எங்கள் பேரை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஏதோ ஒரு பேரைத் தட்டினாள். விளாகம் என்று முடிகிற பேர். நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது என்ன பேர் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தது. கறுப்புத் திரையில் எந்த வரியும் வரவில்லை. என் வீட்டுக்கு ஓடினேன். நெட்வொர்க் ஜன்னலில் இரண்டு படம் நின்றன. பக்கங்களை இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாகப் போய் விழுந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அந்த நேரத்திலும் கோபத்தோடுதான் வந்தது.

நான் மைனி வீட்டில் நின்று அச்செடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். பிரிண்டரைப் பார்த்தான். "எப்பிடிச் சரியாச்சு?" என்று மௌஸைப் பிடித்து நெட்வொர்க் ஜன்னலைத் திறந்தான்.

"இது ஆருக்க வீட்டுப்பேரு?"

"எனக்க வீட்டுப்பேராக்கும்" என்றாள் மைனி.

அண்ணன் முகம் சிவந்தது.

"உனக்கென்ன கிறுக்கா? எனக்க கம்ப்யூட்டர்ல உனக்க அப்பன் வீட்டுப்பேரா? இப்பவே மாத்துதேன்."

"மாத்துங்க." மைனி குரலை உயர்த்தவே இல்லை. "நான் இங்க வந்ததில இருந்து அந்தப் பேரை ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல. நீங்களும் கேட்டதில்ல. அடி வாங்கினவளைத் திரும்பிப் போ போண்ணு சொல்லுதீங்க. அடி வாங்காத நானும் போவேன். எனக்கும் ஒரு வீடு உண்டு. அதுக்க பேராக்கும் அது."

பிரிண்டர் அதுபாட்டுக்குப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணன் மைனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"பேப்பர் தீருது, வைக்கட்டா மக்கா?" என்று மைனி என்னிடம் கேட்டாள்.