உச்சிக்கிளையில் மரவள்ளி

சி ரூசா கடற்கரையில் பள்ளி முகாமுக்குப் போகிற என் மகள், சாப்பாட்டுப் பையைச் சணல் கயிற்றில் கட்டி வீட்டு மாமரத்தில் ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ ஒசரத்துல இருந்தா நாய்க்கு எட்டாதுலா, அப்பா.”

சணல் வாடை என்னை ஜப்பான்காரன் காலத்துக்கு இழுத்துப்போனது. சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேட்டதும், ரெம்பாவ் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் காட்டுக்குள் ஒளிந்தோம். கையில் இருந்தது ஒரு சாக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு. அப்பா மரமேறி அதை உச்சிக்கிளையில் கட்டினார்.

“காட்டுப்பன்னி, நாய் எதுக்கும் எட்டாது புள்ள. நிம்மதியா தூங்கு,” என்றார் அம்மாவிடம்.

விடிந்ததும் தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போனவரை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நிறைமாத அம்மா கல்லெறிந்தாள், கழியால் தட்டிவிடப் பார்த்தாள், மரத்தைக் கட்டிக்கொண்டு உலுக்கினாள். சாக்கு ஆடியதே தவிர விழவில்லை. நான் பசியில் கத்தினேன்.

“அப்பா வந்து எறக்குவாருடா,” என்று மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வரவே இல்லை.

“முடிச்சு சரியா இருக்காப்பா?” என்றாள் மகள்.

“ஒன் கைக்கு எட்டுற மாதிரி கொஞ்சம் கீழ கட்டும்மா.”

“நாய் எடுத்துட்டுப் போயிடும்பா!”

“போவட்டும்.”