வெல்டர் பார்த்த இரண்டாவது சூரியன்

எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் கேட், கிரில் வேலைக்கு வரதராஜுலுதான். கையில் சுத்தம் உண்டு, வாயில் கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி பிடிக்கச் சொன்னால் சொன்னவரை முறைப்பார். "சின்னதா ஒரு டாக் வெச்சு ஒட்டறதுக்கு எதுக்குங்க கண்ணாடி?" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பொறி பறக்க வைத்துவிடுவார். பிறகு கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கை அரிந்து இமைமேல் வைத்துக்கொண்டு படுத்துக்கிடப்பார்.

போன வாரம் ஒரு காலையில் பட்டறையைத் திறக்க வந்தவருக்குச் சூரியனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சூரியன் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் கழுவிவிட்டு வந்தாலும் இரண்டுதான். கண் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாக நின்றார். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

மனைவி கோதாவரி மூச்சிரைக்க வந்தாள். "ஏனுங்க, மேல பாத்தீங்களா? ரெண்டு சூரியன். ஊட்டுக்கு ஆகாதுங்க. இன்னைக்கு மிசினத் தொடாதீங்க."

"உன் கண்ணுக்கும் ரெண்டு தெரியுதா?"

"ஊருக்கே தெரியுதுங்க. மேகத்துல இருக்கற ஐஸ்ல வெயில் பட்டா அப்படித் தெரியுமாம், நம்ம புள்ள பூஜிதா போன்ல பாத்துச் சொல்றா. அவ கெடக்கறா. இது கெட்ட சகுனம்."

வரதராஜுலு ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"கெட்ட சகுனந்தானே அம்மணி?" என்றார். "நல்லவேளை."