நர்ஸம்மா மூடிவைத்த மடிக்கணினி

கட்டபெட்டு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. யார் பேசினாலும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பார்.

நாங்கள் வடிவமைத்த மடிக்கணினியை அவர் பயன்படுத்திப் பார்ப்பதற்காகக் கொண்டுபோயிருந்தேன். அதன் வரைபடங்களை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டிருந்தோம். யாரும் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தலைவலி என்று வந்தார். டைப் செய்துகொண்டிருந்த நர்ஸ், திரைக்கு மேலே எட்டி அவரைப் பார்த்தார். பிறகு கணினியை மூடிவைத்தார்.

"இடது கையக் காட்டும்மா."

மணிக்கட்டு வீங்கியிருந்தது. சரிவில் வழுக்கி விழுந்திருக்கிறார். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறார்.

கட்டுப் போட்டுக்கொண்டு அவர் போனபின், எப்படித் தெரிந்தது என்று நர்ஸிடம் கேட்டேன்.

"தலைவலின்னா கை தலைக்குப் போகுமுங்க. இந்தப் புள்ள முந்தானைக்குள்ளயே வெச்சிருந்துச்சு. உங்க பொட்டி நடுவுல நின்னு அதை மறைக்குதுங்க."

ஊர் திரும்பியதும், திரை மேசைமேல் மட்டமாக விரியும்படி கீலை மாற்றினேன். வரைபடத்தில் அதனருகே காரணத்தையும் எழுதினேன்: 'எதிரில் இருப்பவரின் கை தெரிய வேண்டும்.'

பிறகு யார் யாரோ அந்த வடிவத்தை எடுத்து, விசைப்பலகை, பேட்டரி என்று பலவற்றை மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் இதுவரை யாரும் அழிக்கவில்லை. அதை எழுதவைத்தவரின் பெயரைத்தான் நான் கேட்காமல் வந்துவிட்டேன்.