கொய்யாப்பழம் அளவு

ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகு, தேவைக்காக இல்லாமல் வெறும் ஆசைக்காக நான் வாங்கிய முதல் பொருள் ஒரு கள்ளிச்செடி. தளி சாலையில் இருக்கும் ஒரு நர்சரியில், எலுமிச்சம்பழம் அளவில் உருண்டையாக, வெள்ளை முள்ளோடு சின்னத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டேன். "வருஷத்துக்கு ஒரு நகம் அளவு ஏறும் மேடம். ஃபுல்லா வளர்ந்தாலும் ஒரு கொய்யாப்பழம் சைஸ். அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் நர்சரிக்காரர். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு வீடாக மாறிக்கொண்டிருப்பவளுக்கு இதைவிடத் தோதான செடி ஏது? காலி செய்யச் சொன்னால் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அப்போது நானும் கணவரும் இருந்தது கீழ்வீட்டில். மாடியில் வீட்டுக்கார அம்மா. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம் பேசுவார். மூன்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம். செடியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"முள்ளுச்செடி ஊட்டுக்கு ஆவாது கண்ணு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வரும்."

"செடி வர்றதுக்கு முன்னாடியே நாங்க நல்லாப் போடுவோம்மா," என்றேன்.

சிரித்துவிட்டார். வாசலில் மட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுமதித்தார். ஃப்ரிட்ஜுக்கு மேலே அதற்கு இடம் கொடுத்தேன்.

அங்கே அது கிடுகிடுவென்று வளர்ந்தது. நர்சரிக்காரர் சொன்ன கணக்கெல்லாம் தவிடுபொடி. சில மாதங்களில் எலுமிச்சம்பழம் வெள்ளரிப்பிஞ்சாக நீண்டுவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து வீடியோ காலில் பார்த்த என் அம்மா, எனக்குக் கைராசி என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த வருஷம் வீட்டுக்கார அம்மாவின் தோப்பு நன்றாகக் காய்த்தது, மகனுக்குப் பெண்ணும் அமைந்தது. இரண்டு பெருமையையும் அவர் என் செடிக்கே கொடுத்துவிட்டார். விருந்தாளிகளைக் கீழே அழைத்துவந்து காட்டுவார். "இந்த ஊட்டுல வெச்சது எப்புடி வளருது பாத்தியா?" ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது என்னிடம், "இது வளர்ற வரைக்கும் நீங்களும் இருங்க," என்றார். ஓசூரில் ஒரு வீட்டுக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

என் வேலை வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில், தர சோதனைப் பிரிவில். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்ட் தண்டு ஒவ்வொன்றையும் ரிங் கேஜ் என்கிற இரும்பு வளையத்துக்குள் நுழைத்துப் பார்ப்பேன். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருந்தால் அதற்கு டேப்பர் என்று பெயர். அந்தப் பீஸைத் தயங்காமல் ஒதுக்கிவிடுவேன். என் கண்ணைத் தாண்டி டேப்பர் போகாது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜைத் துடைப்பதற்காகச் செடியை இறக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அப்பட்டமான டேப்பர். அடியில் நான் வாங்கிய அதே உருண்டை. அதற்கு மேல் வந்தது அத்தனையும் வெளிறி, மெலிந்து, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெளிச்சம் கிடைக்காமல் செடி எட்டி எட்டித் தேடியிருக்கிறது. அதன் பசியைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அதற்கு வெயில் வேண்டும். வெயில் மொட்டைமாடியில் இருந்தது, மொட்டைமாடிச் சாவி வீட்டுக்கார அம்மாவிடம் இருந்தது. குடியிருப்பவர்கள் மொட்டைமாடி ஏறக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். சாவி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், ராசியான செடி பட்டினி கிடக்கிற செடியாகிவிடும்.

"வளருதுன்னு அவங்க சந்தோஷமா இருக்காங்க. நீ ஏன் வாயைக் குடுத்து வீட்டைக் கெடுத்துக்கிற?" என்றார் கணவர்.

"செடி செத்துப்போனா மட்டும் வீடு இருக்குமா?"

அண்ணன் குழந்தைக்கு நான் வாங்கி, கைக்குள் போகாமல் கிடந்த பிளாஸ்டிக் வளையல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு செடியோடு மாடியில் வீட்டுக்கார அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இது வளரலை. வெளிச்சம் இல்லாம நீளுது."

"இத்தன ஒசரம் நிக்குது, வளரலைங்கிற?"

வளையலைச் செடியின் உச்சியில் போட்டேன். எங்கும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கி, அடி உருண்டையில் போய் நின்றது. "வாங்குனப்ப இருந்த உடம்பு இது. மேல இருக்கிறதெல்லாம் இங்க வந்த பிறகு வந்தது."

அவர் வளையலைக் கழற்றி, தன் கையாலேயே ஒருமுறை செடியில் போட்டுப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, என் ஊட்டுல வெளிச்சம் இல்லங்கிற."

படியில் நின்றிருந்த கணவர் இருமினார். மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது. "அந்த ரூம்ல இல்லம்மா," என்றேன்.

"பெரிய மரத்தடியில மொளைக்கிற மாங்கன்னும் இப்புடித்தான் நெட்டுக்குப் போவும்," என்று முனகியபடி உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். "செடிக்கு மட்டுந்தான். துணி காயப்போடற வேலையெல்லாம் வேணாம்."

முதலில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்து, மெல்ல மெல்ல வெயிலுக்கு நகர்த்தினேன். தினமும் காலையில் சாவி வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்தேன். வளையலை மொட்டைமாடிக் கம்பியிலேயே மாட்டிவைத்தேன். செடி உயர்வது நின்றுபோனது. விருந்தாளிகள் வந்தால் வீட்டுக்கார அம்மா இப்போது செடியைக் காட்டுவதில்லை. "என்ன கண்ணு, வளர்ச்சி ஒண்ணையும் காணோம்?" என்று என்னிடம் கேட்பார். ஒப்பந்தம் முடியும் மாதம் நெருங்க, கணவர் சத்தமில்லாமல் வேறு வீடு தேட ஆரம்பித்தார். நான் தேடவில்லை. இந்தச் செடியின் வேகமே இதுதான், இப்போதுதான் அது ஒழுங்காக வளர்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மெலிந்த கழுத்துக்கு மேலே புதுத் தலை ஒன்று பச்சையாக, அடர்ந்த முள்ளோடு தடித்துக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் மொட்டைமாடியிலிருந்து குரல் வந்தது. "கண்ணு, இங்க வா. வளையல் ஏறல."

ஓடினேன். வீட்டுக்கார அம்மா செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளையலை அதன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வளையல் முள்ளின் மேலேயே நின்றது.

"இன்னும் எவ்ளோ பெருசாவும்?"

"கொய்யாப்பழம் அளவும்மா."

"எத்தன வருஷம் ஆவும்?"

"அஞ்சாறு வருஷம் ஆகும்."

"ஆவட்டும்," என்றார்.

முழங்காலில் கையூன்றி எழுந்தவர், இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கிட்டயே இருக்கட்டும். துணியும் காயப்போட்டுக்க."