டிரைவர் சீட்டுக்கு அடியில்

காந்தம் தகரத்தைக் கவ்வும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். துருப்பிடித்த ஓட்டையில் தகரம் வைத்து ஒட்டாமல் வெறும் பட்டிப் பசையைப் பூசி, வழவழவென்று தேய்த்து, மேலே வர்ணம் அடித்து ஏமாற்றியிருந்தால் அந்தச் சத்தம் வராது; காந்தம் வழுக்கிக் கீழே விழுந்துவிடும். கோயில் கொடையில் பாடிப் பாடிக் கிழிந்துபோன ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார். ராஜபாளையத்துப் பட்டறையிலிருந்து எங்கள் வேன் திரும்பும் ஒவ்வொரு தடவையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனையிலேயே அதை நிறுத்தி, வண்டியின் உடம்பெல்லாம் காந்தத்தை நகர்த்தி, தலையைச் சாய்த்துக் கேட்பார். தெருவே வேடிக்கை பார்க்கும். “என்ன மேஜர், வண்டிக்குக் காய்ச்சலா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். அப்பா பட்டாளத்தில் ஓட்டுநராக இருந்து வந்தவர். மேஜர் பட்டம் தெரு கொடுத்தது.

பட்டாளத்திலிருந்து வந்த கையோடு வாங்கிய வேன் அது. விடிந்ததும் கூமாப்பட்டிப் பக்கம் போய், பிளவக்கல் அணை அடிவாரம் வரை பால் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்படிகளில் இறக்குவார். அதுதான் எங்கள் சோறு. வாங்கும்போதே கிழடு. நீல நிறம் என்று பெயர்தான். அங்கங்கே ஒட்டுப்போட்டு, செங்காவியும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்கு ‘அம்மை போட்ட வண்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள், என்னைப் பார்த்தால் “ஏட்டி, உங்க வண்டிக்கு வேப்பிலை கட்டலையா?” என்பார்கள்.

மழைக்காலம் வருமுன் அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைத் துணியால் பூசுவார். பூசிய ஈரத்தோடு மண்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டி வருவார். எண்ணெயில் புழுதி அப்பி, காய்ந்து, ஒரு தோல்போல் நிற்கும். “மண்சட்டை போட்டாச்சு, இனி எந்த மழைக்கும் பயமில்லை” என்பார். அந்தச் சட்டைக்கு மற்ற இடமெல்லாம் கட்டுப்பட்டது. ஓர் இடம் மட்டும் கட்டுப்படவில்லை: டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும் தரை. தகரம் வைத்து ஒட்டி, வர்ணம் அடித்துக் கொண்டுவந்தால், அடுத்த சில மாதங்களில் அது அப்பளம்போல் பொரிந்து உதிரும். ஓட்டை வழியாகச் சாலை ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் நசுங்கிய அலுமினியத் தாம்பாளம் ஒன்று கொஞ்ச காலம் அந்த ஓட்டையை மூடிக் கிடந்தது.

அப்பாவின் முதல் சந்தேகம் டிங்கர் சண்முகத்தின் மேல். தகர வேலை பார்க்கிற எவரையும் எங்கள் பக்கம் ‘டிங்கர்’ என்றுதான் சொல்வோம். “பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுதான். எங்கிட்டயேவா?” என்று, தானே கடையில் தகரம் வாங்கி, மூலையில் ஆணியால் ஒரு குறி கீறி, ஒட்டி முடிகிற வரை பட்டறையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தகரமும் குறியோடு சேர்ந்து அரித்துப்போனது. இப்போது சண்முகத்தின் முறை. அவர் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. பேட்டரி அந்தப் பக்கம் இருக்கு, பால் கேன் பின்னால இருக்கு. இங்கன மட்டும் இப்படி அரிக்கணும்னா உப்புத் தண்ணி படணும். கருவாட்டு லோடு ஏதும் அடிக்கியளா?”

அப்பாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பால் வண்டியில் கருவாடு ஏறியது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாளே எந்த அடுப்படியும் எங்கள் கேனை வாசலைத் தாண்ட விடாது. “இன்னொருவாட்டி இந்தச் சொல்லு ஒம் வாயில வரப்படாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் சொல் வண்டியில் ஏறி அவரோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில், பால் நடை முடிந்தபிறகு, வண்டி அப்பா கையில் இருக்காது. ராஜபாளையத்தில் இருந்த என் சித்தப்பா முத்தையா வந்து எடுத்துப்போவார். தேவதானம் வரைக்கும் கல்யாணப் பாத்திரம், பந்தல் சாமான் என்று வாடகைக்கு ஓட்டிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். வரும்போது எனக்கு முறுக்கும், அம்மாவுக்குப் பூவும் இருக்கும். அவர் வீட்டில் கால்வைத்தால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்றிலிருந்து அப்பா ஞாயிறு சாயங்காலம் வண்டிக்குள் மண்டியிட்டுத் தரையை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வாரம் சித்தப்பா பார்த்தும் பாராததுபோல் இருந்தார். பிறகு கேட்டேவிட்டார்.

“என்னண்ணே, பட்டாளத்துல நாய்க்கு வேலை பாத்தியளா? மோப்பம் புடிக்கிய?”

“என்ன ஏத்துனே, அதச் சொல்லு.”

“பந்தக் காலு ஏத்துனேன். வேற என்னத்த ஏத்துனேங்கிய?”

“கருவாடு.”

சித்தப்பா சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தார். “வண்டிக்குத்தான் துருன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். அதன்பின் ஞாயிறுகள் சத்தமில்லாமல் போயின.

இதற்குள் வண்டி ஓடத் தகுதியானதா என்று அதிகாரிகள் பார்க்கிற ‘எஃப்.சி.’ நாள் நெருங்கியது. சண்முகம் இம்முறை வேலையைத் தொடவே மாட்டேன் என்றார். “ஒட்டுததுக்கு ஓரத்துல நல்ல இரும்பு வேணும்லா? இப்பம் அடிச்சட்டம், சேசிஸ் வரைக்கும் துரு போயிருச்சு. காரணம் தெரியாம ஒட்டுனா இதுதான் கடைசி ஒட்டு. எல்லாரும் வாங்க. எல்லாரு முன்னாடியும் வண்டியப் பிரிக்கேன். பொறவு என்னையச் சொல்லப்படாது.” எஃப்.சி. கிடைக்காவிட்டால் வண்டி பழைய இரும்பாக எடைக்குத்தான் போகும். அப்பா தம்பிக்கு ஆள் விட்டார். சண்டை வந்துவிடும் என்று அம்மாவும் கிளம்பினாள். என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள்.

பட்டறையில் சித்தப்பா அப்பாவைப் பார்க்காமல் நின்றார். சண்முகம் எப்போதும்போல டிரைவர் சீட்டை முழுசாகத் தூக்கி வெளியே வைத்தார். தரையில் ஈரம். அந்த ஈரத்தை இத்தனை நாளும் மழைக்காலத்துச் செருப்புகளின்மேல் பழி போட்டு வந்திருந்தோம். அது வெயில் காலம். சண்முகம் திரும்பிச் சீட்டையே பார்த்தார். பிறகு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பக்கச் சுருள்கம்பிகள் பாதி அறுந்து, சிவந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, செருகி வைத்தாற்போல், சொட்டச் சொட்ட ஒரு சிவப்புத் துணி முடிச்சு.

ஒருவரும் அதைத் தொடவில்லை. சண்முகம்கூடக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “செய்வினை” என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தம்பியைத்தான் பார்த்தார்.

“அண்ணே, எம் பிள்ளைக மேல சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாது” என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா முன்னால் வந்து, வெறுங்கையால் அந்த முடிச்சை எடுத்துக்கொண்டாள்.

“அது நான் வச்சது. கல்லுப்பு.”

அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். வண்டி வந்த நாளிலிருந்து, அமாவாசை தோறும் அப்பா முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நேரத்தில், சீட்டின் பின்பக்கத்துக் கிழிசல் வழியாகக் கையை விட்டு, கண்படாமல் இருக்க உப்பு வைத்து வந்திருக்கிறாள். “போன மாசம் வச்சது இந்த மாசம் பாத்தா தண்ணியா ஒழுகும். யாத்தி, எம்புட்டுக் கண்ணு விழுதுன்னு பயந்து, அடுத்த மாசம் இன்னொரு கை கூட வச்சேன்.”

முதலில் சிரித்தது சண்முகம்தான். தரையில் உட்கார்ந்துவிட்டார். “உப்பு கரைய, தகரம் அரிக்க, தகரம் அரிக்க, உப்பு ஏற! மதினி, நீங்க எனக்கு நல்ல வேலை குடுத்திய போங்க!” அப்பாவும் சிரித்துவிட்டார். பாரம் இறங்கிய சிரிப்பு அது. தம்பியின் தோளில் கைபோடப் போனார்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. “யாரு கண்ணுக்கு மதினி?” என்று கேட்டார்.

முடிச்சிலிருந்து உப்புத் தண்ணீர் அம்மாவின் மணிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி வாங்கிய அன்று அதைத் தடவித் தடவிப் பார்த்தபடி, “இது மட்டும் எங்கையில கெடச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்” என்று சித்தப்பா சொன்னது அந்த நேரம் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சண்முகம் தடித்த தகரம் வைத்து ஒட்டினார்; எஃப்.சி. கிடைத்தது, அந்தத் தரை அதன்பின் துருப்பிடிக்கவே இல்லை. வண்டி இன்னும் பல வருஷம் ஓடியது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். காப்பி குடித்துவிட்டுச் சாவியோடேயே திரும்பிவந்தார். சித்தப்பா நல்லது கெட்டதுக்கு வருவார், பந்தியில் பரிமாறுவார், போய்விடுவார். முறுக்கு வாங்கி வருவதும் நின்றது.

வேன் ராஜபாளையத்தில் எடைக்குப் போனது. அப்பாவும் போய்விட்டார். காந்தம் என்னிடம் இருக்கிறது. இந்த வருஷம் நான் ஒரு கார் வாங்கினேன். வந்த அன்றைக்கே எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பிளாஸ்டிக்காம். அப்பா இருந்திருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார்.

காரைப் பார்க்கச் சித்தப்பா வந்திருந்தார். வயசாகிவிட்டது, தெருவோரமாகவே, காரிலிருந்து தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தொடவில்லை. அம்மா உள்ளிருந்து உள்ளங்கை நிறைய உப்போடு வந்தாள். அதைப் பார்த்ததும் அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

“எங்க போறீக தம்பி? வண்டி பக்கத்துல வந்து நில்லுங்க” என்றாள் அம்மா. அவர் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா அவரையும் என்னையும் காரையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள்.

“இப்பம் யாரு கண்ணுக்கு மதினி?”

“ஊருக் கண்ணுக்கு” என்று சொல்லி, சாக்கடை வரைக்கும் நடந்துபோய் உப்பைக் கொட்டி, கையை உதறிக் காட்டினாள்.

ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று முன்கதவைத் திறந்துவிட்டேன். சித்தப்பா உடனே ஏறவில்லை. “செத்த நேரம் பொறு” என்று குனிந்து, சீட்டுக்கு அடியில் கையைவிட்டு மூலை முடுக்கெல்லாம் துழாவினார். கையை வெளியே எடுத்து, விரலை முகர்ந்து பார்த்தார். பிறகுதான் ஏறி உட்கார்ந்தார்.