நகல் கட்டணம்

எங்கள் சட்டக் கல்லூரிப் பேராசிரியை பிடிவாதத்துக்குப் பேர் போனவர். ஏழைகளைக் கசக்கிப் பிழியும் நீதிமன்றக் கட்டணங்களோடு மல்லுக்கட்டியே அவருக்குத் தலை நரைத்தது. ஆசிரியர் அறையில் சக ஆசிரியர்கள் நாங்கள் வைத்த பெயர் 'தள்ளுபடி மேடம்'.

அபராதம் கட்ட வழியில்லாமல் சிறையில் கிடந்த ஒரு கொத்தனாருக்காக வாதாடி, விடுதலை உத்தரவு வாங்கிவிட்டார். உத்தரவின் நகலைக் காட்டினால்தான் சிறையில் ஆளை விடுவார்கள். அந்த நகலுக்கும் கட்டணம் கேட்டான் நீதிமன்றக் குமாஸ்தா. கொத்தனாரின் மனைவி பர்ஸைத் திறந்தாள்.

"கட்டாதேம்மா! இன்னைக்கு நீ கட்டினா, நாளைக்கு வர்றவங்க தலையிலயும் கட்டுவாங்க," என்று மேடம் தடுத்தார்.

சாயங்காலம்வரை சண்டை. குமாஸ்தா அசைந்து கொடுக்கவில்லை. மேடத்துக்குத் துணையாகப் போயிருந்த எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. கடைசியில் அலுவலகத்தையே பூட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை மேடம் நீதிபதியிடமே முறையிட்டு, நகலை இலவசமாக வாங்கினார். ஜெயித்த பூரிப்போடு மூவரும் சிறைக்குப் போனோம். விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து கொத்தனார் போய்ச் சேர்ந்திருந்தார்.

பிணவறையில் உடலைத் தரவும் ஒரு கட்டணம் சொன்னார்கள். அந்த மனைவி கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. பர்ஸைப் பிடித்தபடி பேராசிரியையிடம் மெதுவாகக் கேட்டாள்:

"மேடம், இதைக் கட்டிடலாமா?"