டத்தோ கடைசிப் பத்தியில்

நான் படித்த பல்கலைக்கழகத்தின் இதழியல் துறைக்கு இந்த ஊரில் நல்ல பெயர். கோலாலம்பூரில் எந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போனாலும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பெரிய நாற்காலியில் இருப்பார். யார் வந்தார் என்பது செய்தி இல்லை, என்ன நடந்தது என்பதுதான் செய்தி, அதை முதல் வரியில் வை என்று முதல் வருஷமே அங்கே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். நான் அதை நம்பித் தொலைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் நாளிதழில் வேலை கிடைத்தது. அங்கே செய்தி என்றால் அரண்மனைப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள்தான். முதலில் டான்ஸ்ரீ, அடுத்து டத்தோஸ்ரீ, அப்புறம் டத்தோ, பிறகு கோயில் தலைவர். இந்த வரிசை தப்பினால் காலையில் போன் பறக்கும். இடம் மிச்சமிருந்தால் என்ன நடந்தது என்று இரண்டு வரி. விழாவில் கூரையே இடிந்து விழுந்தாலும் ‘டத்தோ அவர்களின் முன்னிலையில் கூரை இடிந்தது’ என்றுதான் எழுதுவோம்.

ஒருநாள் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு டத்தோ பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்க வந்திருந்தார். பேசி முடித்து அவர் உட்காரும்போது, தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு தாய் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“டத்தோ, பை எல்லாம் நல்லா இருக்கு, தேங்க்ஸ். ஆனா ஸ்கூல் கேட்டுக்கு முன்னால லோரி நிக்காம ஓடுது. என் மகன லோரி தட்டிருச்சு, இன்னும் நொண்டி நொண்டிதான் நடக்கறான். ரோட்டத் தாண்ட ஒரு பாலம் எப்ப கட்டுவீங்க?”

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடனே நன்றியுரை. நான் அந்த அக்காவைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு, அவருடைய கேள்வியை முதல் வரியாக வைத்து எழுதினேன். டத்தோவும் பையும் கடைசிப் பத்தி.

பத்திரிகை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் எங்கள் துறைதான், எனக்கு எத்தனையோ வருஷம் சீனியர்.

“என்னம்மா இது, டத்தோ எங்க?”

“கடைசியில இருக்காரு சார்.”

“கடைசியிலயா! அங்க படிச்சதெல்லாம் பரீட்சைக்குத்தான்லா. நானும்தான் படிச்சேன். மாத்தி எழுதிக் குடு.”

“மாத்த மாட்டேன் சார்.”

“அடுத்த வாரம் உன்ன வேலையில கன்பர்ம் பண்ணணும், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. நீங்களே மாத்திக்குங்க, ஆனா என் பேர எடுத்துடுங்க.”

அவரே மாற்றினார். பெயரை மட்டும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அந்த அக்கா போன் செய்தார். “பேப்பர் வாங்கினேன்மா. டத்தோ படம் பெருசா இருக்கு. உன் பேரும் இருக்கு. நான் கேட்டத மட்டும் காணோம். நீயும் அவங்க ஆளுதானா?”

அன்றைக்கே பள்ளி விடும் நேரத்துக்கு மேருவுக்குப் போனேன். லோரிகளுக்கு நடுவே மகன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா ரோட்டைத் தாண்டுவதைப் போனில் படம் பிடித்தேன். நான் முதலில் எழுதியதை எழுதியபடியே, அந்தப் படத்தோடு, என் பெயரிலேயே என் பேஸ்புக்கில் போட்டேன். பகிர்ந்தவர்கள் பகிர்ந்தார்கள். என்னோடு படித்த சிலர், ஊரறிந்த நிருபர்கள், “எதுக்கு உனக்கு இந்த வம்பு?” என்று மெசேஜ் அனுப்பினார்கள். ஒருத்தி மட்டும் அந்த அக்காவின் நம்பர் கேட்டு வாங்கிப் பேசி, செய்தியைத் தன் மலாய்ப் பத்திரிகையில் போட்டாள்.

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். “டத்தோ ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். உடனே அத எடுத்துடு.”

“எந்த வரி பொய்னு காட்டுங்க சார். அந்த வரிய எடுத்துடறேன்.”

என் போனை வாங்கி அந்தப் பதிவைப் படித்தார். மேலே தள்ளி மறுபடியும் படித்தார். முன்னொரு காலத்தில் நன்றாகப் படித்த மாணவர்தானே, காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

“பொய்னு யார் சொன்னா? கன்பர்ம் பண்ண முடியாது, அவ்வளவுதான்.”

பிரஸ் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கோபம்தான். சரி, கொஞ்சம் பயமும்தான்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா கூப்பிட்டார். பாலத்தைப் பற்றிக் கிள்ளானில் நகராண்மைக் கழகம் கூட்டம் வைத்திருக்கிறதாம்.

“வருவியா?”

“வரேன்க்கா. ஆனா இப்ப நான் எந்தப் பேப்பர்லயும் இல்ல. உள்ள விட மாட்டாங்க.”

“எப்படி விடாம போவாங்கன்னு பாக்கறேன்.”

வாசலில் ஓர் அதிகாரி எந்தப் பத்திரிகை என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “எங்க ஆளு” என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முன்வரிசை நாற்காலிகளில் ‘வி.ஐ.பி.’ என்று தாள் ஒட்டியிருந்தது. அவர் ஒன்றைக் கிழித்துக் கசக்கிக் கைப்பையில் போட்டார்.

“உக்காரும்மா. இன்னிக்கும் நாந்தான் கேக்கப் போறேன், ஒரு வரி விடாம எழுது.”